இரண்டடி உப்புத் தண்ணீர்த் தொட்டியில் எந்தக் கோமாளி மீன், எத்தனை?

கேள்வி இது: சேலம் அழகாபுரத்தில் வீடு. இரண்டடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து ஓடவிட்டு இரண்டு மாதம் ஆகிறது, மீன் இன்னும் விடவில்லை. கடையில் ஆரஞ்சு, கறுப்பு, மெரூன், மஞ்சள் வால் உள்ள ஒன்று என நான்கு விதக் கோமாளி மீன்கள் இருக்கின்றன. வகைக்கு ஒன்று வாங்கலாமா? இதற்கு நடுவில் ஏற்காட்டு நண்பர் ஒருவர் தொட்டியைக் கலைக்கிறார். நான்கு வருடமாகத் தனியே வளர்த்த கோமாளி மீனைச் சும்மா தருகிறேன் என்கிறார். அதையும் சேர்க்கலாமா?

வகைக்கு ஒன்று வேண்டாம். இரண்டே மீன், இரண்டும் ஒரே இனம், ஒன்று பெரியது மற்றது சின்னது. இரண்டடித் தொட்டிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏன் என்று தெரிந்துகொண்டால் கடையில் நிற்கும்போது மனசு மாறாது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சண்டை வந்தால் இன்னும் நாலு மீனைக் கூட விட்டால் சண்டை பரவிக் குறைந்துவிடும் என்பார்கள். ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே தொட்டியை நெருக்கமாக வைப்பதும் அதனால்தான். கோமாளி மீனிடம் இது எடுபடாது. கடலில் அது ஒரு கடல் சாமந்தியை, அதாவது அனிமோனைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு இரண்டு மூன்று மீட்டர்கூடத் தள்ளிப் போகாமல் வாழ்கிறது. அந்த அனிமோன்தான் அதன் வீடு, ஊர் எல்லாம். உங்கள் தொட்டி நீளவாக்கில் இரண்டடிதான். அதற்குள் அனிமோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுத் தொட்டியையுமே மீன் தன் அனிமோனாக எடுத்துக்கொள்ளும். இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு என்று பிரித்துக்கொள்ள இடமே இல்லை.

அடுத்தது ஆண் பெண் விஷயம். கோமாளி மீன் பிறக்கும்போது பெண் கிடையாது. ஓர் அனிமோனில் இருக்கும் கூட்டத்தில் ஆகப் பெரியது பெண், அதற்கு அடுத்தது ஆண், மீதி எல்லாம் இனப்பெருக்கம் செய்யாத சின்ன மீன்கள். பெண் செத்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறும், மூன்றாவது இடத்து மீன் ஆணாகும். ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். பெண்ணாக மாறிய மீன் திரும்ப ஆணாக முடியாது. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி வரி: வளர்ந்த இரண்டு பெண்களை ஒரு சின்னத் தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்று சாகும்வரை அடிதடிதான். 'பழகிவிடும்' என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

கீழே உள்ள சின்ன மீன்கள் எப்படித் தப்பிக்கின்றன என்பதையும் ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் பாப்புவா நியூ கினியாவின் மடாங் கடற்கழியில் பெர்குலா என்ற கோமாளி மீன் இனத்தைக் கவனித்து 2003-இல் வெளியிட்டது. ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே இருக்கும் மீனைவிடத் தெளிவாகச் சின்னதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. அரசு அலுவலக சீனியாரிட்டி பட்டியல் மாதிரி: மேலே இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் வளர்வார். அதற்கு முன்னால் அளவு மீறி வளர்ந்தால் மேலே உள்ளது துரத்திவிடும். கடலில் துரத்தப்பட்ட மீனுக்கு ஓட இடமாவது இருக்கிறது. தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி. மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி, துடுப்பு கிழிந்து, சாப்பிட வராமல் நிற்கும் மீன் அந்தத் துரத்தப்பட்ட மீன்தான்.

சரி, கடையில் நீங்கள் பார்த்த நான்கையும் எடுத்துக்கொள்வோம்.

ஆரஞ்சு மீன் பெரும்பாலும் ஒசெலாரிஸ். நீமோ என்று கேட்டால் எடுத்துத் தருவது அதைத்தான். அந்தமான் கடலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு. பெண் 8, 9 செ.மீ. வளரும், ஆண் அதைவிடச் சின்னது. கோமாளி மீன்களிலேயே சாதுவான பக்கத்தில் நிற்கும் இனம். உங்கள் தொட்டிக்கு இதுதான்.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடியது பெர்குலா. பட்டைகளைச் சுற்றிய கறுப்புக் கரை பெர்குலாவுக்குத் தடிமனாக இருக்கும், ஒசெலாரிஸுக்கு மெல்லிய கோடு. ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. கண்ணைப் பாருங்கள். பெர்குலாவின் கருவிழி வளையம் பளிச்சென்ற ஆரஞ்சு, அதனால் கண் சின்னதாகத் தெரியும். ஒசெலாரிஸுக்கு அது சாம்பல் ஓடியது, கண் பெரிதாகத் தெரியும். முதுகுத் துடுப்பு முள்ளை எண்ணுகிற பொறுமை இருந்தால் ஒசெலாரிஸுக்கு வழக்கமாக 11, பெர்குலாவுக்கு 10. பெர்குலா குணத்தில் ஒரு படி முறைப்பு அதிகம், அவ்வளவுதான். அதையும் இரண்டடியில் ஜோடியாக வைக்கலாம். இரண்டு இனத்தையும் கலந்து வைத்தால் சில சமயம் ஜோடி சேர்ந்து கலப்புக் குஞ்சுகூட வரும். இருந்தாலும் சின்னத் தொட்டியில் எதற்கு அந்தப் பரிசோதனை?

கறுப்பு மீன் வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை என்றால் அநேகமாக அதுவும் ஒசெலாரிஸ்தான், ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் இருக்கும் கறுப்பு வகை. வண்ணம் வண்ணமாக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு இங்கேதான் வழி இருக்கிறது: ஆரஞ்சு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்குங்கள். இனம் ஒன்று என்பதால் தாராளமாக ஜோடி சேரும். ஸ்னோஃபிளேக், பிளாக் ஐஸ் என்று கூடுதல் விலைக்கு விற்பவையும் ஒசெலாரிஸிலிருந்து வந்த பண்ணை வகைகளே. பிகாசோ, பிளாட்டினம் என்பவை பெர்குலா பக்கம். பட்டையின் அழகுக்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம். குணத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

மெரூன் அழகான மீன், மறுக்கவில்லை. கன்னத்தில் முள் நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். பெண் 15 செ.மீ. தாண்டும். கோமாளி மீன்களில் இதைவிட முரடு இல்லை. சொந்த இனத்திலேயே ஜோடி சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும், வேறு இனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொட்டிக்குள் கை விட்டால் கடிக்கும். கடையில் பார்க்கும் இரண்டரை செ.மீ. குட்டி ரொம்பச் சாதுவாகத் தெரியும், அதில்தான் எல்லோரும் ஏமாறுவது. சிவப்பு உடம்பும் ஒரே ஒரு பட்டையும் கொண்ட டொமேட்டோவும் இதே ரகம், கொஞ்சம் குறைவு.

மஞ்சள் வால் மீன் சேபேயாகவோ கிளார்க்கியாகவோ இருக்கும். கடைக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். வாலின் அடியில் மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் கிளார்க்கி. இரண்டே பட்டை, நடுப்பட்டை சாய்ந்து முதுகுத் துடுப்புக்குள் ஏறியிருந்தால் சேபே. சேபே நம் மன்னார் வளைகுடாக் கடலிலேயே இருக்கும் மீன், அந்தப் பாசத்தில் வாங்கத் தோன்றும். இரண்டும் நன்றாக வளர்ந்தால் 14, 15 செ.மீ. மூன்றடிக்குக் குறையாத தொட்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். ஒசெலாரிஸ் தன் மாதிரியே மூன்று பட்டை உள்ள மீனைத்தான் அதிகம் தாக்குகிறது என்று ஒகினாவாவில் செய்த ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. பட்டையை எண்ணிப் பார்த்து எதிரியை முடிவு செய்கிறது என்ற செய்தி பத்திரிகைகளில்கூடப் பரவியது. அப்படியானால் வேறு இனத்தை விடுவதுதானே நல்லது என்று கேட்கலாம். ஒசெலாரிஸ் அடிக்காமல் இருக்கலாம், ஆனால் மெரூன் அடிக்குமே! அந்த ஆய்வில் பார்த்தது ஒசெலாரிஸின் பக்கத்துக் கோபத்தை. இரண்டு பேரும் வருடக்கணக்கில் ஒரே 70 லிட்டரில் அடைபட்டுக் கிடக்கும்போது உடம்பில் பெரியது எதுவோ அதுதான் ஜெயிக்கும்.

இரண்டு மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது? வளர்ந்தவற்றை வாங்காதீர்கள், குட்டிகளாக வாங்குங்கள். ஒன்று 5 செ.மீ. என்றால் மற்றது 3 செ.மீ. அளவில் இருக்கட்டும். வித்தியாசம் பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் யார் பெரியவர் என்ற கேள்விக்குச் சண்டையில்லாமல் பதில் கிடைக்கும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் அந்தக் கேள்வியை அவை வாயால் கவ்வித் தீர்த்துக்கொள்ளும். 'பெர்ஃபெக்ட் ஜோடி சார்' என்று ஒரே அளவுள்ள இரண்டைக் காட்டினால், அவை பக்கத்தில் பக்கத்தில் நீந்துவதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். குட்டிகள் கும்பலாகத்தான் நீந்தும். முடிந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். இல்லையென்றால் சின்னதை முதலில் விட்டு, ஒரு வாரம் கழித்துப் பெரியதை விடுங்கள்.

விட்ட பிறகு முதல் சில நாட்கள் பெரியது துரத்தும். சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று உதறும். வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து எழுதுகிறவர்கள் நிறைய. அது வலிப்பு அல்ல, 'நீதான் பெரியவள், ஒத்துக்கொண்டேன்' என்று சொல்வது. அதைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள். இரவில் இரண்டும் ஒரே இடத்தில் ஒண்டித் தூங்கினால் ஜோடி சேர்ந்துவிட்டது. சின்னது உதறாமல் எதிர்த்து நின்றாலோ, வாயோடு வாய் கவ்வி இரண்டும் சுழன்றாலோ, துடுப்பு கிழிந்தாலோ, ஒன்று இரண்டு நாளாகச் சாப்பிட வராவிட்டாலோ பிரித்துவிடுங்கள். துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடிக்கிறதைப் போட்டு (அடிபடுகிறதை அல்ல) அதே தொட்டியில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். வெளியே சுற்றும் சின்னதுக்கு இடம் பழகிவிடும், உள்ளே இருப்பதற்கு அதிகாரம் கொஞ்சம் இறங்கும். இரண்டு முறை செய்தும் சரிவரவில்லை என்றால் ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் சின்னதாக வாங்குங்கள்.

ஐந்தாறு குட்டிகளைக் கும்பலாக விட்டு வளர்க்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். குட்டியாக இருக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். ஒரு ஜோடி பருவத்துக்கு வந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டும். வீடியோ எடுத்தவர் அந்தப் பகுதியைப் போடுவதில்லை.

எங்கிருந்து வந்த மீன் என்று கட்டாயம் கேளுங்கள். பண்ணையில் பொரித்தது என்றால் நல்லது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரிக்கவைக்கும் முறையை நம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கின்றன. இன்று கடைக்கு வரும் ஒசெலாரிஸில் பண்ணை மீன் கிடைப்பது சிரமமில்லை. கடலில் பிடித்ததில் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி வரும். உடம்பெல்லாம் வெள்ளைச் சளி படிந்து, மூச்சு வேகமாக வாங்கி, சில நாட்களுக்குள் மீன் போய்விடும். பண்ணை மீனுக்கு அது வரவே வராது என்றில்லை, கடையில் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். எதுவானாலும் உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத மீனை வாங்க வேண்டாம்.

சேலத்துக்கு வரும் கடல் மீன் நிறைய சென்னை கொளத்தூரிலிருந்து வருவது (நம் மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் அல்ல), பல நேரம் ராத்திரி பஸ் பார்சலில். நீங்களே அப்படி வரவழைத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். பல மணி நேரம் மூடிக் கிடந்த பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்கியிருப்பதால் அந்த அம்மோனியா மீனை அதிகம் தாக்காது. பையைப் பிரித்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதனால் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விடுவது இந்த மீனுக்கு நல்லதல்ல. பிரிக்காத பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு பிரித்து உப்பின் அளவைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒத்துவந்தால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. 24க்கு 12க்கு 15 அங்குலத் தொட்டி என்றால் சுமார் 70 லிட்டர், மணலும் கல்லும் போக 55, 60 நிற்கும். போர் தண்ணீர் வேண்டாம், மேட்டூர்த் தண்ணீரையும் குளோரினோடு அப்படியே விட வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் மீனுக்கான உப்பைக் கலந்து ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 வையுங்கள். சமையல் கல் உப்பால் கடல் தண்ணீர் செய்ய முடியாது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் தேவையான அளவு இல்லை. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. இரண்டு மாதம் ஓடியிருக்கிறது என்றீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைக் கிட் காட்டிய பிறகே மீன்.

நம் ஊரின் உண்மையான பிரச்சினை வெயில். கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். ஏப்ரல், மே மாதத்தில் மூடிய அறையில் தொட்டி 31, 32க்கு ஏறிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், உப்புத் தண்ணீரில் ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவு. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சேலத்துக் காற்று காய்ந்தது என்பதால் சென்னையைவிட இங்கே இந்த வித்தை நன்றாக வேலை செய்யும், அதே காரணத்தால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அனிமோனுக்குக் கொடுக்க நினைத்திருக்கும் காசில் இது வந்துவிடும்.

அனிமோன் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கடலில் கோமாளி மீனுக்கு அது பகையிடமிருந்து காப்பு. உங்கள் தொட்டியில் பகை இல்லை, அது இல்லாமலே ஆயுசுக்கும் வாழும். பண்ணையில் பிறந்த மீன் பல நேரம் அனிமோனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) பக்கத்திலோ மண்சட்டி ஓட்டிலோ குடியேறும். அனிமோனுக்கு பலமான விளக்கு வேண்டும், தொட்டி குறைந்தது ஆறு மாதமாவது பக்குவப்பட்டிருக்க வேண்டும். இடம் பிடிக்கவில்லை என்றால் நகர்ந்து போய் பவர்ஹெட்டில் சிக்கி அரைபட்டு, மொத்தத் தண்ணீரையும் கெடுக்கும். நம் கடற்கரையில் கிடைக்கும் கார்பெட் அனிமோன் கோமாளி அல்லாத மீனைப் பிடித்துத் தின்றும்விடும்.

கல் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கல் போன்ற பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 'லைவ் ராக்' என்று பவளத்தை யாராவது கொடுத்தால் தொடாதீர்கள், பீங்கான் கல்லே போதும். இரண்டாவது, சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக் கல்லையோ சேர்வராயன் மலைக் கல்லையோ அழகுக்கு உள்ளே வைக்காதீர்கள். மேக்னசைட்டோடு குரோமைட்டும் வரும் பூமி அது, மேலே பாக்சைட். எந்த உலோகம் எவ்வளவு கரையும் என்று பார்க்க நம் தொட்டி ஆய்வகம் இல்லை.

இப்போது ஏற்காட்டு மீன். நான்கு வருடம் தனியே வளர்ந்தது என்றால் பெண்ணாக மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் கடையில் வாங்கும் 5 செ.மீ. மீனோடு சேர்த்து மூன்றாவதாக விட்டால் இரண்டில் ஒன்று உயிரோடு இருக்காது. ஆனால் அதை ஒரு வாய்ப்பாகவும் பார்க்கலாம். அது ஒசெலாரிஸ் என்றால் ஜோடியில் பாதி உங்களுக்குச் சும்மா கிடைத்த மாதிரி. கடையில் மிகச் சின்னதாக, 3 செ.மீ.க்கு மேல் போகாத ஒசெலாரிஸ் ஒன்று மட்டும் வாங்கி முதலில் விடுங்கள். பெரியது வந்ததும் அதை டப்பாவில் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திறங்கள். இரண்டுக்கும் தொட்டி புதிது என்பதால் பெரியதற்கு 'இது என் இடம்' என்ற உரிமை இன்னும் வந்திருக்காது.

மலையிலிருந்து இறக்குவதற்கு, மூடி இறுக்கமான வாளியில் அந்தத் தொட்டித் தண்ணீரையே பாதிக்கு மேல் நிரப்பி, பேட்டரி ஏர் பம்பைப் போட்டு, வாளியைக் காரில் கால் வைக்கும் இடத்தில் இறுக்கி வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் சீட் மேல் வைத்தால் நிற்காது. ஏற்காட்டுத் தொட்டி ஹீட்டரை நம்பி 25 டிகிரியில் ஓடியிருக்கும், உங்களுடையது 29 என்றால் நேராக விடாமல் அரை மணி நேரமாவது மெதுவாகச் சூடேற்றிப் பழக்குங்கள். வெயில் தணியும் மாலையில் கிளம்பினால் இன்னும் நல்லது.

போவதற்கு முன்னால் நண்பரிடம் மீனின் பக்கவாட்டுப் படம் ஒன்றும், கன்னமும் வாலும் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். கன்னத்தில் முள் இருந்தாலோ வால் மஞ்சளாக இருந்தாலோ, மூன்றடி நான்கடித் தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது அவருக்குக் கைகாட்டிவிடுங்கள்.